பாக்கி இல்லை என்று ஒரு சீட்டு

"ரூமைத் திறக்கணும்னா பாக்கி இல்லைன்னு ஒரு சீட்டு வேணும்மா. அது இல்லாம எதையும் வெளிய விட எனக்கு அதிகாரம் இல்ல," என்றார் விடுதி அலுவலகக் குமாஸ்தா.

தையல்காரி மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வீட்டில் மகளைக் கிடத்திவிட்டு, துணைக்கு அண்டைவீட்டுப் பெண்களை உட்காரவைத்துவிட்டு, விடிந்தும் விடியாமலும் அவளும் புருஷனும் பஸ் ஏறி வந்திருந்தார்கள். சாயங்காலத்துக்குள் அடக்கம். நல்லதாக ஒரு துணி போட்டு அனுப்ப வேண்டாமா என்று யாரோ கேட்டபோதுதான், இருந்த ஒரே நல்ல துணியும் விடுதி அறையில் கிடப்பது நினைவுக்கு வந்தது. கடையில் வாங்கிக்கொள்ளலாமே என்றார்கள். மகள் சுண்டு பிறந்ததிலிருந்து கடைத்துணி போட்டதில்லை. இன்றைக்கா போடவேண்டும்?

"வேற ஒண்ணும் வேண்டாங்க. ஒரே ஒரு கவுன். நீலக் கலரு. நான் தச்சது."

"புரியுதும்மா. ஆனா மெஸ் பாக்கி ரெண்டு டேர்முக்கு நிக்குது. சாப்பாட்டுக் கார்டைக்கூட நிறுத்தி வச்சிருந்தோம். அதைக் கட்டினீங்கன்னா இப்பவே சீட்டுப் போட்டுத் தந்துடறேன்."

"சரிங்க சார்," என்றார் புருஷன்.

அவள் திரும்பி அவரை முறைத்தாள். மனுஷன் லிப்ட் மெக்கானிக். ஊரில் பாதிப்பேரை மேலே ஏற்றிக் கீழே இறக்குவது அவருடைய கைதான். ஆனாலும் மேசைக்குப் பின்னால் ஒரு ஆள் உட்கார்ந்திருந்தால் போதும், அவர் வாயில் வேறு வார்த்தை வராது. கல்லூரியில் சேர்த்த அன்றைக்கும் இதே "சரிங்க சார்"தான்.

அன்றைக்குக் கீழே கூடத்திலேயே கடன் கம்பெனிக்காரன் மேசை போட்டிருந்தான். கல்லூரிக்குள்ளேயே கடை. குடிக்கக் குளிர்ந்த தண்ணீர், உட்கார மெத்தை வைத்த நாற்காலி. "பிள்ளை படிப்புக்குப் போய்க் கணக்குப் பாப்பாங்களாம்மா?" என்று சிரித்துக்கொண்டே தாள்களைத் திருப்பியது இதே குமாஸ்தாதான். எங்கே கையெழுத்துப் போடவேண்டும் என்று விரல் வைத்துக் காட்டியதும் இவர்தான். சுண்டு தொகையைப் பார்த்துவிட்டு அம்மாவின் முழங்கையைக் கிள்ளினாள். அப்பா அவள் தலையில் ஒரு தட்டுத் தட்டி, "நீ இன்ஜினியராகு. அப்புறம் லிப்ட்ல நான் சும்மா நிப்பேன், பட்டனை நீ அமுக்கு," என்றார். மூன்று பேரும் சிரித்தார்கள்.

"அந்தக் கடன் என்னாகும்?" என்று இப்போது கேட்டாள் தையல்காரி.

"அது எங்களுக்குச் சம்பந்தமில்லம்மா. உங்க ரெண்டு பேர் பேர்லதானே இருக்கு. பொண்ணு பேர்ல இருந்திருந்தா இன்சூரன்ஸ்ல ஏதாவது பாத்திருக்கலாம்."

"எங்க பேர்ல போடச் சொன்னது யாரு?"

குமாஸ்தா தொண்டையைச் செருமினார். "அப்பத்தானே சீக்கிரம் பாஸாகும்." பிறகு குரலை இறக்கிக்கொண்டார். "எனக்கும் ரொம்ப வருத்தமா இருக்கும்மா. அருமையான பொண்ணு."

"அவ பேரு என்ன?"

குமாஸ்தாவின் கண் கம்ப்யூட்டர் பக்கம் போயிற்று.

அவ்வளவுதான். தையல்காரி திரும்பி நடந்தாள். பின்னால் புருஷன் "இங்க பாரு, கொஞ்சம் பொறு" என்று கூப்பிட்டது காதில் விழுந்தும் நிற்கவில்லை. மாடிப்படியில் ஒரு பெண் எழுந்து நின்றாள். சுண்டுவோடு அறையில் இருந்தவள். அழுது அழுது முகம் வீங்கிப்போயிருந்தது.

"ஆன்ட்டி, ஒரு வாரமா காய்ச்சல். நான் உங்களுக்குப் போன் பண்றேன்னு சொன்னேன். கையிலேருந்து போனைப் பிடுங்கிட்டா."

"ஏன்?"

"அம்மா ஏற்கனவே ரெண்டு ஆள் வேலையை ஒத்தையாப் பாக்கறாங்க, இதுல ஆஸ்பத்திரிச் செலவு வேறயான்னு கேட்டா. வார்டன்கிட்ட நான்தான் போய்ச் சொன்னேன். மாத்திரை குடுத்தாங்க. மயக்கமாகி விழுந்தப்புறம்தான் வண்டி கூப்பிட்டாங்க."

தையல்காரி அந்தப் பெண்ணின் கன்னத்தைத் துடைத்துவிட்டாள். அவள் வழிகாட்ட, கூடவே அறைவரை நடந்தாள்.

கதவில் புதுக் கொண்டி அடித்துப் பூட்டுத் தொங்கியது. அந்தப் பெண்ணை நேற்றே வேறு அறைக்கு மாற்றியிருந்தார்கள். பிள்ளை போன மறுநாள் விடிவதற்குள் அவள் அறைக்குக் கொண்டி அடிக்க ஆள் கிடைத்திருக்கிறான்; காய்ச்சலில் கிடந்தபோது எட்டிப்பார்க்க ஒருத்தரும் கிடைக்கவில்லை. தையல்காரி உள்ளங்கையால் கதவை அறைந்தாள். மறுபடியும் அறைந்தாள். வராந்தாவில் ஒவ்வொரு அறையாகக் கதவு திறந்து பெண்கள் எட்டிப்பார்த்தார்கள்.

"தள்ளிக்கோ," என்றார் பின்னாலேயே வந்துவிட்ட புருஷன்.

கொண்டியைத் தடவிப் பார்த்தார். அவசரத்தில் அடித்தது, திருகாணிகள் வெளியே தெரிந்தன. சட்டைப் பையிலிருந்து திருப்புளியை எடுத்துக்கொண்டு மண்டி போட்டு உட்கார்ந்தார். முதல் திருகாணி கழன்று தரையில் உருளும்போது குமாஸ்தா மூச்சுவாங்க மேலே வந்தார்.

"என்ன பண்றீங்க? இதெல்லாம் கல்லூரிச் சொத்து. நான் போலீஸைக் கூப்பிடவேண்டியிருக்கும்."

"கூப்பிடுங்க," என்றார் புருஷன். அந்தச் சொல்லுக்குப் பின்னால் வழக்கமாக வரும் "சார்" வரவில்லை. தலை நிமிராமல் அடுத்த திருகாணியில் திருப்புளியை வைத்தார். "பாக்கி எவ்வளவோ என்கிட்ட கேளுங்க. நான் எங்கயும் ஓடிடமாட்டேன். பிள்ளைகிட்ட கேக்காதீங்க."

கூடியிருந்த பெண்களைக் குமாஸ்தா ஒரு முறை பார்த்தார். அவர்களில் ஒருத்திகூட அறைக்குள் திரும்பிப் போகவில்லை. கையிலிருந்த போனை அவர் காதுக்குக் கொண்டுபோகவில்லை.

உள்ளே கவுன் சுவரோரம் ஹேங்கரில் தொங்கியது. கசங்காமல் இருக்க மேலே ஒரு பழைய துண்டைப் போர்த்தியிருந்தாள் சுண்டு. தையல்காரி அதை மட்டும் எடுத்து மடித்து மார்போடு அணைத்துக்கொண்டாள். வேறு எதையும் தொடவில்லை. வெளியே வந்ததும் புருஷன் கொண்டியைப் பழையபடி பொருத்தி, அடித்தவனைவிட இறுக்கமாகத் திருகினார். தொழிலில் அவர் எதையும் பாதியில் விட்டதில்லை.

வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது வெயில் ஏறியிருந்தது. ஆண்களை வெளியே அனுப்பிவிட்டுப் பெண்கள் கதவைச் சாத்தினார்கள். அடுத்த வீட்டுக்காரி தூக்கிப் பிடிக்க, தையல்காரி மகளின் கைகளை ஒவ்வொன்றாக நுழைத்து, முதுகில் கொக்கிகளை மாட்டி, மெல்லப் படுக்கவைத்தாள். பிறகு கவுனை இழுத்துச் சரிசெய்யப் போனவளின் கை இடுப்பில் அப்படியே நின்றது.

போன விடுமுறையில் உடம்போடு ஒட்டி அளவெடுத்துத் தைத்தது. கொஞ்சம் பிடிக்குதும்மா, கையைத் தூக்க முடியல என்று சுண்டு சிணுங்கினாள். இப்போது இரண்டு பக்கமும் பிடி பிடியாகத் துணி மிஞ்சியது. தோள் சரிந்து எலும்பு தெரிந்தது.

"காய்ச்சல்ல பிள்ளை இளைச்சுப்போச்சு," என்றாள் அடுத்த வீட்டுக்காரி.

தையல்காரி மிஞ்சிய துணியை விரலால் அளந்தாள். ஒரு வாரக் காய்ச்சலுக்கு இவ்வளவு துணி மிஞ்சாது. நிறுத்தி வைத்த கார்டு என்று அந்த ஆள் சொன்னது அப்போது காதில் விழுந்தது, இப்போதுதான் உள்ளே இறங்கியது. போன் பண்ணும்போதெல்லாம் முதலில் கேட்பது அதைத்தான். சாப்பிட்டியா? சாப்பிட்டேம்மா.

எழுந்துபோய்த் தையல் மிஷின் இழுப்பறையிலிருந்து ஊசியும் நீல நூலும் கொண்டுவந்தாள்.

"இப்ப எதுக்கும்மா இதெல்லாம்? மேல பூ போட்டா ஒண்ணும் தெரியப்போறதில்ல," என்றாள் அடுத்த வீட்டுக்காரி.

"எனக்குத் தெரியும்ல."

மகளைப் பாதி ஒருக்களித்துச் சாய்த்துப் பிடிக்கச் சொன்னாள். அக்குளிலிருந்து இடுப்புவரை மிஞ்சிய துணியை உள்பக்கமாக மடித்து, ஊசி உடம்பில் பட்டுவிடாமல் இடது கை விரல்களை நடுவே கொடுத்து, நெருக்கமாகத் தைத்துக்கொண்டே வந்தாள். வெளியே வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது. யாரோ கதவைத் தட்டினார்கள். அவள் அவசரப்படவில்லை. ஒரு பக்கம் முடிந்ததும் முடிச்சிட்டு, குனிந்து பல்லால் நூலைக் கடித்தாள். பிறகு மறுபக்கம் போய் உட்கார்ந்து, ஊசியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து நூல் கோத்தாள்.