தொண்ணூற்றொன்பதுக்கு யார் காவல்?

சாம்ராஜ் கணக்கு வாத்தியார். எல்லா ஊருக்கும் எல்லா மனுஷருக்கும் பொதுவானதுதான் ஞாயம் என்பது அவர் கட்சி. ஏழெட்டு ஐம்பத்தாறு என்பது கோவில்பட்டியில் ஒன்று, கழுகுமலையில் ஒன்று என்று மாறுமா என்பார். அப்பேர்ப்பட்டவரைப் பிடித்து, ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் காணாமல் போன ஆட்டைப் பற்றிப் பிரசங்கம் பண்ணச் சொல்லிவிட்டார் போதகர்.

ஒரு ஆட்டைத் தேடி மேய்ப்பன் தொண்ணூற்றொன்பதையும் காட்டில் விட்டுவிட்டுப் போகிறான். இயேசு சொன்ன கதைதான், ஆனாலும் வாத்தியாருக்குத் தொண்டையில் இறங்கவில்லை. மிச்ச ஆடுகளை நரி கொண்டுபோனால் யார் பொறுப்பு? தனக்கே சரியென்று படாததைச் சபை முன்னால் எந்த முகத்தோடு சொல்வது?

“கதையக் கதையாச் சொல்லிட்டு இறங்குங்களேன்” என்றாள் மனைவி இவாஞ்சலின்.

அவருக்கு மனசு ஒப்பவில்லை. முடியாதென்று சொல்ல எஸ்.டி.டி. பூத்திலிருந்து போன் போட்டார், போதகர் எடுக்கவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் சைக்கிளை மிதித்துப் போதகர் இருக்கும் புதூருக்கே கிளம்பினார்.

பாதி வழியில், பருத்தி எடுத்து முடிந்த கரிசல் காட்டில் பத்திரகாளி மறித்தாள். காடு காடாக, உரத்துக்கு ஆடுகளை ராத்தங்க விட்டு ஆட்டுக்கிடை போட்டுப் பிழைக்கிறவள், அவரிடம் படிக்கும் பிள்ளை ஒன்றின் தாய்.

“சாரு, ஒரு குட்டியக் காணும். ஓடைப்பக்கம் பாத்துட்டு வாரேன். இங்கன நில்லுங்க.” கம்பை அவர் கையில் திணித்தாள்.

“எனக்கு ஆடு மேய்க்கத் தெரியாதேம்மா.”

“நிக்கத் தெரியும்லா” என்று திரும்பிப் பார்க்காமலே போய்விட்டாள்.

ஆள் புதிது என்று ஆடுகளுக்கு உடனே தெரிந்துபோயிற்று. ஒன்று அவர் வேட்டி நுனியைக் கடித்துப் பார்த்தது. நாலைந்து பக்கத்து மிளகாய்க் காட்டைப் பார்த்து நடையைக் கட்டின. வாத்தியார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, “வரிசையா நில்லுங்க” என்று அதட்டியபடி ஓடினார். பள்ளிக்கூடத்தில் இருக்கிற மரியாதை இங்கே செல்லவில்லை.

அரை மணி கழித்து, குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள் பத்திரகாளி. வாய் திட்டியது, முகமெல்லாம் சிரிப்பு.

“நான் வராட்டி என்ன பண்ணியிருப்ப?”

“ராஜமணி அண்ணன் அந்தால கிடை போட்டிருக்காவ. ஒரு சத்தம் குடுத்தா வந்து நிப்பாவ. அவிய ஆடு தப்பிச்சா நான் நிப்பேன். ஆள நிறுத்தாம எவளாவது போவாளா, சாரு?”

வாத்தியார் வாய்விட்டுச் சிரித்தார். அத்தனை சந்தோஷம் அவருக்குக் கல்யாணத்தன்றுகூட வந்ததில்லை. சைக்கிளை வீட்டுக்குத் திருப்பினார்.

மறுநாள் மேடையில் ஏறிச் சொன்னார்: “தொண்ணூத்தொம்பது ஆட்டுக்கும் காவல் யாருன்னு கதைக்கு வெளிய நின்னே இத்தனை வருஷம் கேட்டுட்டிருந்தேன். நான் போய் நிக்கலாமேன்னு ஒருநாளும் தோணல.”