சௌமியா என்கிற கேரட்டுக்கு ஒரு முடிவு

1

இந்தக் கதை ஓசிச் சாப்பாட்டில் கிடைத்தது. ஓசூரில் ஒரு கல்யாண மண்டபம். விதைக் கம்பெனி ஒன்று தன் புதிய வீரிய ஒட்டு ரகக் கேரட்டை விவசாயிகளுக்கு அறிமுகம் செய்யும் விழா. நண்பனோடு ஒட்டிக்கொண்டு போயிருந்தேன். பந்தியில் எதிர் வரிசையில் கம்பெனி அடையாள அட்டை மாட்டிய ஒரு பெண். இலையில் அந்தக் கேரட்டிலேயே செய்த அல்வாவும் பொரியலும். ஒன்றையும் அவள் தொடவில்லை. மோரை மட்டும் வாங்கிக் குடித்துவிட்டு எழுந்து போனாள். எனக்குத் தெரிந்த உண்மை இவ்வளவுதான். இனி வருவதெல்லாம் என் கைச்சரக்கு.

2

'அதிகாலைப் பனியில் கேரட் வயல்கள் பச்சைக் கம்பளம் விரித்தாற்போல'

[வேண்டாம். கம்பளம் விற்கிறவன்கூட இப்படிப் பேச மாட்டான்.]

'முப்பத்தாறு வயதான ஸ்வாதி, இன்னும் திருமணம்'

[இதுவும் வேண்டாம். ஒரு பெண் கதைக்குள் வந்ததும் வயதையும் தாலியையும் விசாரிக்கிற புத்தி நமக்குப் போகாது.]

நேராகவே சொல்கிறேன். அவள் பெயர் ஸ்வாதி. கோவில்பட்டிக்காரி. அந்தக் கேரட்டை உருவாக்கியவள். பல வருடங்களாகக் கிழங்கு கிழங்காகப் பிடுங்கி, நுனியை வெட்டிக் கடித்துப் பார்த்து, தித்தித்ததை மட்டும் மறுபடி நட்டு, பூக்கவைத்து, ஒன்றோடொன்று இணைசேர்த்து எடுத்த ரகம். அதற்கு மேலாளர் ராஜேஷ்குமார் தன் மகள் பெயரை வைத்தார்: சௌமியா. "கன்னடக்காரங்க, தெலுங்குக்காரங்க எல்லார் வாய்லயும் நுழையும் மேடம்" என்றார். ஸ்வாதிக்கு வயிறு எரிந்தது. கைதட்டினாள்.*

* இந்தக் கைதட்டலை எழுதியதும் எனக்கு அவளைப் பிடிக்காமல் போயிற்று. என்ன செய்வது, கதை எழுதுகிறவன் பிடிக்காத ஆளோடும் குடித்தனம் நடத்தித்தான் ஆகவேண்டும்.

3

இங்கே கொஞ்சம் விவசாயம் பேச வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள். விதை வேண்டுமென்றால் கேரட் பூக்க வேண்டும். பூக்கக் குளிர் வேண்டும். ஆனால் விவசாயியின் வயலில் அது பூத்துவிட்டால் கிழங்கு நடுவில் கட்டையாகிவிடும். ஆடுமாடு தின்னும், மனுஷன் தின்ன மாட்டான்.

விதை எடுப்பதற்காகத் தாய்க் கிழங்குகளை வடக்கே பனி மலைக்கு அனுப்புவது பெருஞ்செலவு. "லேசான குளிருக்கே பூக்கற தாயாப் பாருங்க மேடம், இங்கியே விதை எடுத்துக்கலாம்" என்றார் ராஜேஷ்குமார். ஸ்வாதி பார்த்தாள். கிடைத்தது. தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை என்று படிக்காதவர்களுக்கும் தெரியும். படித்த ஸ்வாதிக்கும் தெரியும்.

ஓசூர்ப் பக்கத்துச் சோதனை வயல்களில் ஒரு குறையும் இல்லை. கடைசியாக அஞ்செட்டி மலைப்பக்கம், நாட்றாம்பாளையத்தில், பூவம்மாள் என்கிற விவசாயியின் நிலத்தில் போட்டார்கள். மார்கழிக் குளிரில் அங்கங்கே சில செடிகள் தண்டு நீட்டி வெள்ளையாகப் பூத்தன. ஸ்வாதி அவற்றைப் பிடுங்கிப் பூவம்மாளின் மாட்டுக்குப் போட்டாள். ஓசூருக்கு வந்து மேலாளரிடம் சொன்னாள்.

"இன்னொரு குளிர்காலம் பார்த்துட்டு விடுவோம் சார்."

"அடுத்த கம்பெனிக்காரன் இந்த வருஷமே எறக்கறான். நாலு செடி பூத்தா ரகமே கெட்டுப்போச்சா? நல்லா யோசிங்க மேடம், இது உங்க ரகம்."

அவள் யோசித்தாள். அம்மா பேச்சியம்மாள் கோவில்பட்டியில் எதிர்ப்படுகிறவர்களிடமெல்லாம் 'எம்பொண்ணு கண்டுபிடிச்ச கேரட்டு' என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். ராஜேஷ்குமார்மேல் முழுப் பழியையும் போட எனக்கும் ஆசைதான். ஆனால் அந்த ரகம் வெளியே வரவேண்டும் என்று அவரைவிட அதிகம் ஆசைப்பட்டவள் ஸ்வாதி.

4

விழா. முன்னோடி விவசாயி என்று பூவம்மாளை மேடையேற்றி முதல் விதைப் பாக்கெட்டைக் கொடுத்தார்கள். அவள் மைக்கைப் பிடித்தாள்.

"எங்கூர்ல யானையே தேடிக்கினு வந்து தின்னுட்டுப் போச்சி. அதுக்கு மேல நான் என்னா சொல்றது. எல்லாரும் தைரியமா போடுங்க."

மண்டபமே சிரித்துக் கைதட்டியது. சாப்பாட்டுக்குப் பிறகு, கை கழுவும் இடத்தில் அவள் ஸ்வாதியைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏம்மா, போன மார்கழியில நம்ம கொல்லையில கொஞ்சம் பூவெடுத்துச்சே, நீ கூட புடுங்கிப் போட்டியே, அது எதனால? இந்த ஐப்பசிக்கு ரெண்டு ஏக்கராவும் இதுதான் போடப்போறேன். அதான் கேக்கறேன்."

முதல் முடிவு: "தண்ணி சரியாப் பாஞ்சிருக்காதுக்கா. பயப்படாம போடுங்க" என்றாள் ஸ்வாதி. அந்த மார்கழியில் குளிர் கூடுதல். ரெண்டு ஏக்கரும் பூத்தது.

[நன்றாகத்தான் வந்தது. அந்தப் பூக்களை வர்ணித்து ஒரு பக்கம் எழுதினேன், என் நடைக்கு நானே மயங்கினேன். அப்புறம் வெட்கமாயிருந்தது. நாலு நல்ல வாக்கியத்துக்காக ஒருத்தியின் வெள்ளாமையைப் பாழாக்குவதா? கிழித்துப் போட்டேன்.]

4 (மறுபடியும்)

இரண்டாம் முடிவு: ஸ்வாதி சுற்றும் முற்றும் பார்த்தாள்.

"அக்கா, குளிருக்கு அது பூத்துரும். உங்க பக்கம் போடவே போடாதீங்க. நான் சொன்னேன்னு மட்டும் யார்ட்டயும் சொல்லிராதீங்க."

[இங்கே பேனாவை மூடிவிட்டேன். பூவம்மாள் தப்பித்தாள், ஸ்வாதியின் வேலையும் தப்பியது, எனக்கு ஒரு கதை. ஆனால் பூவம்மாள் போகவில்லை. அவள் பேசியதை நான் திட்டமிடவில்லை.]

"எனக்குச் சொல்லிட்ட, சரி. நான் மேல ஏறி அத்தினி பேரையும் போடுங்கன்னுட்டனே. அவங்கெல்லாம் என் மூஞ்சியப் பாத்துத்தான வாங்கறாங்க. அவங்களுக்கு யாரும்மா சொல்றது?"

'ஸ்வாதி மேடையை நோக்கி'

[நம்ப முடியவில்லை.]

'ஸ்வாதி தலையைக் குனிந்துகொண்டு வெளியே'

[நம்ப முடிகிறது. அதனால்தான் எழுதப் பிடிக்கவில்லை.]

5

வாசலில் மேசை போட்டு விதை விற்கிறார்கள். அஞ்செட்டி மலைப்பக்கத்திலிருந்து வந்தவர்களும் வரிசையில் நிற்கிறார்கள். ராஜேஷ்குமார் ஆளாளுக்குக் கைகொடுக்கிறார். மேடையில் மைக்கை இன்னும் அணைக்கவில்லை. ஸ்வாதி இன்னும் கை கழுவும் இடத்தில்தான் நிற்கிறாள். பூவம்மாள் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

எனக்கு இதற்கு மேல் எழுதத் தெம்பில்லை. நீங்கள் எழுதுங்கள். யாரை வேண்டுமானாலும் மேடையேற்றுங்கள், யாரையும் ஏற்றாமலும் விடுங்கள். ஆனால் சீக்கிரம் எழுதுங்கள். வரிசை நகர்ந்துகொண்டிருக்கிறது.