உப்புமலைச் சாமி

“அப்போ அந்தக் கையால எத்த தொட்டாலும் பட்டுப்போயிடுமா?”

“ஆங். சாபம் அப்படித்தான், பாவா.”

“செடி கொடி மட்டுமா, மனுசங்களுமா?”

“மனுசங்க உடனே சாவ மாட்டாங்க. கொஞ்சம் கொஞ்சமா வாடிடுவாங்க.”

விலை கேட்டுவிட்டு வாங்காமல் நகர்கிறவரைப் போல குணசேகரன் தலையை ஆட்டிக்கொண்டார். வந்ததிலிருந்து அவருடைய வலது கை மடியிலிருந்த துண்டுக்குள்ளேயே இருந்தது. சூர்யபிரகாஷ் கொடுத்த டீயையும் இடது கையால்தான் வாங்கினார், பாதி குடித்துவிட்டுத் தரையில் வைத்துவிட்டார். சூர்யாவின் அக்கா சுதாவைக் கட்டியவர், அம்மையார்குப்பத்தில் விசைத்தறி ஓட்டுகிறவர். வேலை நாளில் சொல்லாமல் பஸ் ஏறித் திருத்தணிக்கு வந்து, செல்போன் கடைக்கு மேலிருக்கும் இந்த அறையின் வாசலில் செருப்பைக் கழற்றியிருந்தார். அறையின் நாலு சுவரிலும் கனத்த போர்வைகள் தொங்கின. பஸ் ஹாரனும் மலைக் கோயில் ஒலிபெருக்கியும் பதிவில் விழாமலிருக்க அவற்றை ஆணியடித்து மாட்டிக் கொடுத்தவரே பாவாதான், கை முழுசாக இருந்தபோது.

இந்தப் போர்வைகளுக்கு நடுவில் உட்கார்ந்துதான் வெள்ளிதோறும் சூர்யா தன் கதையைத் தானே வாசித்து ஓர் ஆடியோ செயலியில் ஏற்றிக்கொண்டிருந்தான். கதை நடக்கும் நாட்டில் ஓர் உப்புமலை, உச்சியில் கண்ணில்லாத ஒரு சாமி. மனிதர்களின் பொய்யை அது நாக்கால் ருசித்துக் கண்டுபிடிக்கும். நூலகத்திலிருந்து மொழிபெயர்ப்பு நாவல்களாக எடுத்துவந்து படித்தவன் அவன். பனி பெய்யும் தேசத்துச் சாமிகள் சின்னப் பிழைக்காக ஒருத்தியை மரமாக்கின, ஒருவனை மானாக்கி அவன் வளர்த்த நாய்களையே ஏவிவிட்டன. ஏன் என்று யாரும் கேட்கவில்லை. அந்தக் கேட்காமையில் ஓர் அழகு இருப்பதாக அவனுக்குத் தோன்றும், படிக்கும்போது கைமயிர் சிலிர்க்கும். அப்படியொரு சாமியைத் தமிழில் செய்ய ஆசைப்பட்டான். சாமியைச் செய்த பிறகு தண்டிக்க ஓர் ஆள் வேண்டியிருந்தது. மாறன் என்று ஒரு நெசவாளியைக் கொண்டுவந்தான். மகளின் காய்ச்சல் இறங்கினால் மலைக்குப் பூச்சுமை தூக்குவதாக வேண்டிக்கொண்டவன், சுமை தூக்க வேண்டிய அன்றைக்குப் பார்த்துக் குடித்துவிட்டு அடிவாரத்திலேயே கிடந்தான். சாமி அவனுடைய தறிக்குப் பல் முளைக்க வைத்தது. தறி அவன் கையின் நடுவிலிருந்த மூன்று விரல்களையும் தின்றது. மிஞ்சிய கை எதைத் தொட்டாலும் வாடியது.

சூர்யாவின் கதையில் அந்தப் பாகத்தைத்தான் அதிகம் பேர் கேட்டார்கள். நல்லா வேணும் என்று ஒருவர் எழுதியிருந்தார். சாமிகிட்ட விளையாடலாமா என்று இன்னொருவர். படுத்தபடி அத்தனையையும் படித்து அவன் உள்ளுக்குள் பூரித்திருந்தான். பாவாவை நினைத்து எழுதவில்லை என்று முதலில் தனக்கே சொல்லிப் பார்த்தான், நிற்கவில்லை. பிறகு பாவா எங்கே கதை கேட்கப்போகிறார் என்று சமாதானம் செய்துகொண்டான். அது நின்றது, இன்று காலை வரை.

“கரண்ட் போச்சுன்னா தறிக் கொட்டாயில சும்மாதானே குந்திகினு இருப்போம். கூட தறி ஓட்டற விஜயன் போன்ல போட்டுவுட்டான். ஒங்க மச்சான் குரலு, கேளுங்கன்னான். நானும் பெருமையாத்தான் கேட்டுகினு இருந்தேன்.” டம்ளரின் விளிம்பைப் பார்த்தபடி பேசினார். “இப்போ எல்லாம் மாறான்னுதான் கூப்பிடறானுங்க. வெளையாட்டுக்குத்தான். நானும் சிரிச்சிக்கினேன்.”

மன்னிச்சிடுங்க என்று சூர்யா சொல்ல நினைத்தான். அதைச் சொன்னால் எதற்கு என்று அவர் கேட்பாரோ, கேட்டால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டியிருக்குமோ என்று விழுங்கிக்கொண்டான்.

“எனக்கு ஒண்ணுதான் புரியல. அந்தச் சாமி அவன ஒரு வார்த்த கேட்டிருக்கலாமில்ல? ஏன்டா வரலன்னு.”

கேட்கிற சாமி சின்னதாகிவிடும், கேட்காததுதான் அதன் கம்பீரம். வேறொருவர் இதே கேள்வியை எழுதியிருந்தபோது சூர்யா அப்படித்தான் அழகாகப் பதில் போட்டிருந்தான். ஆனால் ஏன் வரவில்லை என்பது இந்த அறையிலிருந்த இருவருக்குமே தெரியும்.

போன ஆடிக்கிருத்திகை அன்று காலை பாவா மஞ்சள் வேட்டி கட்டி, பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல், சாமந்தி கட்டிய காவடியோடு அடிவாரத்தில் நின்றிருந்தார். மகள் பாப்பாவுக்காக வேண்டிக்கொண்டது. சூர்யாவுக்கு அன்று அரக்கோணத்தில் அரசு வேலைக்கான தேர்வு. கூட்டத்தால் பஸ்களையெல்லாம் திருப்பிவிட்டிருந்தார்கள், எதுவும் வரவில்லை. அழாத குறையாகப் போன் செய்தான். பாவா காவடியைத் தெரிந்த பூக்கடையில் சாய்த்து வைத்துவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு வந்தார். வயல்வழிகளில் புகுந்து நேரத்துக்குக் கொண்டுபோய் இறக்கினார், தட்டிக்கூடக் கொடுத்தார். திரும்புகிற வழியில் எங்கெங்கோ மறித்திருந்தார்கள். அவர் அடிவாரத்துக்கு வந்து சேர்ந்தபோது பூவெல்லாம் துவண்டு கிடந்தது, வாடிய பூவோடு மலையேற மனசில்லாமல் வீட்டுக்குத் திரும்பிவிட்டார். வண்டி ரிப்பேராகி வழியிலேயே நின்றுவிட்டதாகச் சாயங்காலம் அக்காவிடம் சொன்னார். மச்சான்மேல் பேச்சு வரக்கூடாது என்பதற்காகச் சொன்ன பொய் அது. தேர்வு முடிந்து வந்திருந்த சூர்யா அப்போது பக்கத்தில்தான் நின்றிருந்தான், வாயைத் திறக்கவில்லை. தேர்வில் அவன் தேறவுமில்லை. வினாத்தாளை மடித்து வைத்துவிட்டு ஜன்னல் வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் உப்புமலை அவனுக்கு முதன்முதலில் தெரிந்தது. ஐப்பசியில் பாவாவின் கை தறியின் பல்சக்கரத்தில் சிக்கியது.

“குடிச்சிட்டுக் கெடந்தான்னு வெச்சிட்ட,” என்றார் குணசேகரன். குரலில் கோபத்தைத் தேடினான் சூர்யா, இல்லை. “கதைக்கு அப்படித்தான் வேணும் போல. ஒங்க அக்காவும் கேட்டா அந்தக் கதைய. ராத்திரி சோறு போட்டுட்டு எதுர்ல குந்திகினு கேக்கறா, அன்னிக்கி நீ குடிச்சியான்னு.”

“நீங்க இன்னா சொன்னீங்க?”

“இன்னா சொல்றது? இல்லன்னேன். அப்புறம் ஏன் மேல போவலன்னா. வண்டின்னு சொன்னேன். அவ அதுக்கு மேல கேக்கல. நம்பவும் இல்ல.”

சூர்யா போர்வையின் ஒரு நூலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான். அது உருவிக்கொண்டே வந்தது. தன் சாமி பொய்யை நாக்கால் ருசிக்கும் என்று எழுதியிருந்தான். இந்த மனிதர் இவனுக்காகச் சொல்லி, இப்போது மறுபடியும் சொன்ன பொய் அந்த நாக்கில் என்ன சுவையில் விழும் என்று யோசித்தான். யோசிக்கவும் கூசியது.

“அத்த வுடு. நான் வந்தது அதுக்கில்ல.” குணசேகரன் சற்று முன்னால் நகர்ந்தார். “பாப்பாவும் கேட்டுடுச்சி. நாலு நாளா நான் சோறு வெச்சா தட்டத் தள்ளிவெச்சிக்குது. தலை வாரிவுடப் போனா சுவத்தோரம் ஒண்டிக்குது. திட்டியும் பாத்தேன், கொஞ்சியும் பாத்தேன். நைனா கை பட்டா வாடிப்பூடும்னு மாமாவே சொல்லுச்சேங்குது.”

அவர் துண்டை விலக்கினார். கட்டைவிரலும் சுண்டுவிரலும் மட்டும் தனித்தனியாக நின்ற கை வெளியே வந்தது. ஆஸ்பத்திரியில் பார்த்ததற்குப் பிறகு சூர்யா அதை நேராகப் பார்க்காமலே தப்பித்து வந்திருந்தான். சட்டைப் பையிலிருந்து போனை இடது கையால் எடுத்து இருவருக்கும் நடுவில் தரையில் வைத்தார். திரையில் பதிவு செய்யும் இடத்தை விஜயனிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு வந்திருக்க வேண்டும். சுண்டுவிரலை அதன்மேல் தடுமாறாமல் நிறுத்தினார்.

“நான் சொன்னா நம்ப மாட்டேங்குது. ஒன் குரல்னா நம்பும்,” என்றார். “நம்ம மலையில சாமி கோவம் தணிஞ்சி வந்து நின்னாருன்னு சொல்வாங்க இல்ல? ஒன் சாமிக்கும் தணிஞ்சிடுச்சின்னு சொல்லிடேன், மச்சான். அந்தாள மன்னிச்சி வுட்டுடுச்சி, நைனா கையால சாப்ட்டா ஒண்ணும் ஆவாதுன்னு ஒரு வார்த்த.”

சொல்லி முடித்ததும் சுண்டுவிரலால் தொட்டார். சிவப்பு எண்கள் ஓடத் தொடங்கின. தன் மூச்சு பதிவில் விழுந்துவிடக்கூடாதென்று துண்டை எடுத்து, அந்தக் கையாலேயே வாயைப் பொத்திக்கொண்டார்.