மைனாவின் நானூற்றுப் பன்னிரண்டு குறைகள்

ராகவேந்திரனைப் போன்ற குமாஸ்தாவை எந்த ஆபீசும் ஆசைப்பட்டுக் கேட்காது. ஆனால் கிடைத்துவிட்டால் விடாது. அப்படி ஒரு மனுஷர்! கல்கத்தாவில் கிதிர்ப்பூர் டாக்கில், அதாவது கப்பல் துறையில், சர்க்கார் கப்பல்களின் ஆபீசில் அவர் பொறுப்பில் இருந்தது ஒரே ஒரு கப்பல். அதன் பெயர் மைனா.

மைனாவைப் போர்க்கப்பல் என்று சொன்னால் பெரிய கப்பல்காரர்கள் சிரிப்பார்கள். முகப்பில் சின்னதாய் ஒரு பீரங்கி இருந்தது, வாஸ்தவம்தான். பன்னிரண்டு வருஷத்தில் அது சுட்டதெல்லாம் பெரிய துரைமார் வரும்போது போட்ட மரியாதைக் குண்டுதான். மற்றபடி யார் எதற்குக் கூப்பிட்டாலும் மைனா ஓடும். ஆற்றில் மிதவை போடும். கலங்கரை விளக்கத்துக்கு அரிசியும் எண்ணெயும் கொண்டு போகும். தரைதட்டிய கப்பலை இழுத்து வரும். சிப்பாய்களை ஏற்றும், அவர்கள் குதிரைகளையும் ஏற்றும்.

1903-ல் மதராஸ் ஸ்டீமர் ஒன்று கங்கை முகத்துவாரத்தில் மணல்திட்டில் ஏறி நின்றுவிட்டது. புயல் வேறு. அதில் மூன்று மாதக் கைக்குழந்தையோடு ராகவேந்திரனின் மனைவி காமு இருந்தாள். அலையில் முட்டி மோதிப் போய் அத்தனை பேரையும் இறக்கிக்கொண்டு வந்தது மைனாதான். அன்றிலிருந்து காமுவுக்கு அது "நம்ம கப்பல்". கைக்குழந்தை ஜலஜாவுக்கு இப்போது எட்டு வயது.

ராகவேந்திரனுக்கு ஒரு வழக்கம் உண்டு. கப்பலில் எது கெட்டாலும் சிவப்பு அட்டைப் பதிவேட்டில் எழுதிவிடுவார். மற்றக் குமாஸ்தாக்கள் கொதிகலன் வெடித்தால்தான் பேனாவைத் தொடுவார்கள். இவரோ கேப்டன் அறை நாற்காலி ஆடுகிறது என்பதைக்கூட எண் போட்டு எழுதினார். எழுதியதை அடிக்க மாட்டார். சர்க்கார் பதிவேட்டில் அடித்தல் திருத்தல் பாவம் என்பது அவர் கொள்கை. குறைகளைச் சரி செய்வது மாலுமிகளின் தலைவரான சாரங்கு காசிம் அலியின் வேலை. அந்தச் சிட்டகாங் கிழவர் மாலுமிகளை வைத்துக்கொண்டு அன்றன்றே முடித்துவிடுவார். ஆனால் சரியானதை யாரும் எங்கும் எழுதவில்லை. அதற்கென்று பதிவேட்டில் கட்டமே கிடையாதே!

1911 ஜனவரியில் பம்பாயிலிருந்து கடிதம் வந்தது. பழைய கப்பல்களைச் சோதிக்க கேப்டன் லோரிமர் வருகிறார். உடைக்க வேண்டியவை என்று உத்தேசித்த பட்டியல் இணைப்பில். முதல் பெயர் மைனா. காரணம் என்று ஒரே வரி: பதிவான குறைகள் நானூற்றுப் பன்னிரண்டு.

ராகவேந்திரன் பதிவேட்டை எடுத்துப் புரட்டினார். அத்தனையும் அவர் கையெழுத்து.

"பாபு, இந்தப் புஸ்தகத்தை கங்கையில போட்டுடுங்க," என்றார் காசிம் அலி, வங்காளியும் இந்துஸ்தானியும் கலந்த தன் பாஷையில். "நான் பாக்கவே இல்லைன்னு சொல்றேன். இருபத்தாறு பேர் இந்தக் கப்பலை நம்பி இருக்கோம். இதை உடைச்சா எல்லாரும் ஊருக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான்."

"அது மட்டும் முடியாது, சாரங்கு," என்றார் ராகவேந்திரன்.

அன்று சாயங்காலம் அலிப்பூர் வீட்டில் சாதத்தைப் பிசைந்தபடியே உட்கார்ந்திருந்தார். என்ன ஏது என்று காமு குடைந்து கேட்டு விஷயத்தைக் கறந்துவிட்டாள். பிறகு பிடித்துக்கொண்டாள்.

"நன்னாயிருக்கு! நம்மைக் கரை சேத்த கப்பலுக்கு நீங்களே கொள்ளி வச்சேளா? நாற்காலி ஆடறதையெல்லாம் யாராவது எழுதுவாளா?"

"ஆடினது நிஜம்தானேடி."

"இப்போ ஆடறதா?"

"இல்லை. மறுநாளே காசிம் அலி சரி பண்ணிட்டான்."

"அப்போ அதைப் போய்க் காட்டுங்கோ. நானும்தான் கார்த்தாலேர்ந்து உங்களைக் குத்தம் சொல்லிண்டே இருக்கேன். அதுக்காக உங்களை வேண்டாம்னு தள்ளிட்டேனா என்ன?"

ராகவேந்திரன் தலையை நிமிர்த்தினார். பிறகுதான் சாதம் உள்ளே இறங்கியது.

கேப்டன் லோரிமர் வந்த அன்று ஆபீசில் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டே பேசினார். கப்பல் பக்கம் போகிற உத்தேசமே இல்லை. ராகவேந்திரன் பன்னிரண்டு வருஷத்தில் எந்தத் துரையையும் மறித்துப் பேசியதில்லை. அன்று பேசினார்.

"ஒரு மணி நேரம் கொடுங்கள், சார். இந்தக் குறைகளைக் கப்பலில் வைத்துக் காட்டுகிறேன்."

"குறையைக் காட்டவா கூப்பிடுகிறாய்?" என்று ஆச்சரியப்பட்டார் கேப்டன். அந்த ஆச்சரியத்திலேயே எழுந்தும் வந்துவிட்டார்.

ராகவேந்திரன் பதிவேட்டைத் திறந்து எண் எண்ணாக வாசித்தார். ஒவ்வோர் எண்ணுக்கும் காசிம் அலி அந்தந்த இடத்துக்குப் போய்க் கையை வைத்தார். எண் ஒன்று, நீராவிக் குழாய் இணைப்பில் கசிவு: பித்தளை வளையம் போட்டு இறுக்கியிருந்தது. எண் பதினேழு, அடுப்புப் புகை கேப்டன் அறைக்குள் வருகிறது: புகைக்குழாயைத் திருப்பி வைத்திருந்தார்கள். எண் நூற்று நாலு, மதராஸ் ஸ்டீமரை மீட்டபோது வளைந்த கைப்பிடிக் கம்பி. அதை மட்டும் ராகவேந்திரன் இரண்டு தரம் வாசித்தார். கேப்டன் அந்தக் கம்பியைப் பிடித்து உலுக்கினார். அது அசையவில்லை.

நூற்றைம்பதாவது குறைக்குப் பிறகு கேப்டன் தானே முன்னால் நடக்க ஆரம்பித்தார். அடித்தளத்துக்கு இறங்கிச் சுத்தியலால் தட்டிப் பார்த்தார். வெள்ளைக் கால்சட்டை கரியானதைப் பற்றி அவர் கவலைப்படவில்லை.

எண் இருநூற்று எண்பத்தெட்டு. ராகவேந்திரன் நிறுத்தினார்.

"இது சரி செய்யப்படவில்லை, சார். ஊதல் கரகரக்கிறது."

காசிம் அலி தலையில் அடித்துக்கொள்ளாத குறை. கேப்டன் ஊதச் சொன்னார். சளி பிடித்த தாத்தா இருமுவது மாதிரி ஒரு சத்தம் டாக் முழுக்கக் கேட்டது. எதிர்க்கரைப் படகுக்காரர்கள் கையை ஆட்டினார்கள்.

"ஏன் விட்டு வைத்தாய்?" என்றார் கேப்டன் சாரங்கிடம்.

"மாத்தலாம்னுதான் போனேன், ஹுஸூர். ஆத்துல கப்பலுக்கு வழி காட்டுற பைலட்டுங்க விடலை. பனிமூட்டத்துல இந்தச் சத்தத்தைக் கேட்டாத்தான் மைனா வருதுன்னு தெரியுதாம்."

கேப்டனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்துத் துறையில் நின்ற இன்னொரு கப்பலின் பதிவேட்டைக் கொண்டுவரச் சொன்னார். அதே வயது, பன்னிரண்டு வருஷத்தில் பதினோரு குறைகள். அதைப் புரட்டிவிட்டு, "அது உத்தமமான கப்பலா, இல்லை அதன் குமாஸ்தா தூங்குகிறானா? நாளைக்கு முதல் வேலையாக அதைப் பார்க்கிறேன்," என்றார். மைனாவின் தாளில் ஏழு வருஷம் சேவை நீட்டிப்பு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். காசிம் அலி வானத்தைப் பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

இறங்கும்போது கேப்டனின் பூட்ஸ் இறங்குபலகையின் இடுக்கில் மாட்டிக்கொண்டது. காலை உருவிக்கொண்டு அவர் ராகவேந்திரனைத் திரும்பிப் பார்த்தார்.

"இதையும் எழுதுவாயா?"

"எழுதித்தான் ஆக வேண்டும், சார்."

"எழுது, எழுது," என்று சிரித்துக்கொண்டே கேப்டன் வண்டியில் ஏறினார்.

நானூற்றுப் பதின்மூன்று என்று ராகவேந்திரன் எண் போட்டார். மை காய்வதற்குள் வெளியே சுத்தியல் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால் காசிம் அலி பலகையின் மேல் மண்டியிட்டு ஆணி அறைந்துகொண்டிருந்தார்.

ராகவேந்திரன் திரும்பி வந்து உட்கார்ந்தார். மேஜையிலிருந்த ரூல் தடியை எடுத்து, பக்கத்தின் வலது ஓரத்தில் மேலிருந்து கீழாக ஒரு கோடு இழுத்தார். அந்தப் புதுக் கட்டத்தில் 'அன்றே சரி செய்யப்பட்டது, காசிம் அலி' என்று எழுதினார். பிறகு முதல் பக்கத்துக்குத் திருப்பி, அங்கேயும் கோடு போட ஆரம்பித்தார்.