கலவை வைக்காத கல்

அண்ணனும் தம்பியும் சேர்ந்து நடத்திய சைக்கிள் கடை, பலகையில் யார் பெயர் மேலே இருப்பது என்ற விவகாரத்தில் இரண்டாகப் போயிற்று. கடை உடைந்தால் வீடு சும்மா இருக்குமா? நடுச்சுவர் ஏற்கெனவே இருந்த வீடுதான். அந்தப் பக்கம் அண்ணன் குடும்பம், இந்தப் பக்கம் தம்பி குடும்பம். இரண்டு அடுப்படிக்கும் நடுவே ஒரு ஜன்னல் மட்டும் இருந்தது. கம்பி கிடையாது, கதவு கிடையாது. அதன் வழியாக உப்பு போயிருக்கிறது, தீப்பெட்டி வந்திருக்கிறது. தம்பி மகள் கைக்குழந்தையாக இருந்தபோது, அழ அழ அவளே அதன் வழியாகக் கைமாறியிருக்கிறாள்.

அந்த ஜன்னலை அடைக்கத்தான் கொத்தனார் வந்திருந்தார்.

அடைக்கச் சொன்னவள் அண்ணன் மனைவி பெரியவள். சொல்ல வைத்தவள் தம்பி மனைவி சின்னவள். ஆண்கள் இருவரும் தெருவில் நின்று கத்தியபோது, இவளும் தன் பங்குக்கு, "உங்க நிழல்கூட எங்க பக்கம் விழக்கூடாது" என்று ஓரகத்தியைப் பார்த்துச் சொல்லிவிட்டாள். நரம்பில்லாத நாக்கு. பெரியவள் பதிலுக்குக் கத்தவில்லை. "சரி, விழாது" என்றாள். அடுத்த வாரம் வாசலில் செங்கல் வந்து இறங்கியது.

சின்னவளுக்கு வேறு பேச்சுத்துணை இல்லை. கணவன் வாயைத் திறந்தால் கொட்டாவிக்குத்தான். மகள் வேலை கிடைத்து வெளியூர் போய்விட்டாள். இத்தனை வருஷமும் பேசியதெல்லாம் அந்த ஜன்னலோடுதான். மன்னிப்புக் கேட்டுவிடலாம். கேட்பதற்கு முகம் வேண்டுமே.

புதுக் கல் பழைய சுவரைக் கவ்விப் பிடிக்க வேண்டும் என்று, கொத்தனார் ஜன்னலைச் சுற்றிப் பூச்சைக் கொத்த ஆரம்பித்தார்.

"கொத்தனாரே," அந்தப் பக்கத்திலிருந்து பெரியவள் குரல் வந்தது. "தூசியெல்லாம் என் பாத்திரத்துல விழுது. அங்க இருக்கறவங்கள ஈரத்துணி கட்டச் சொல்லுங்க."

"அம்மா, ஈரத்துணி..."

"கேட்டுச்சு," என்றாள் சின்னவள். "பாத்திரத்த மூடி வச்சா தூசி விழாதுன்னு அங்க சொல்லுங்க."

"அம்மா, பாத்திரத்த..."

"எனக்கும் காது இருக்கு, கொத்தனாரே."

"எனக்குத்தாம்மா இல்லாம போயிடும் போல." அவர் உளியை எடுத்துக்கொண்டார்.

பூச்சு பெயர்ந்து விழுந்ததும் கை நின்றது. தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"என்ன, பாம்பா?" என்றாள் சின்னவள்.

"பாம்பு இல்லம்மா. வாசல்."

விரலால் காட்டினார். ஜன்னலைச் சுற்றிச் சட்டம் போட்டது போல, முத்திரை குத்திய செங்கல். "இது எங்க தாத்தா காலத்துச் சூளைக் கல்லு. நூறு வருஷம் இருக்கும்." அதற்கும் வெளியே, இன்னும் அகலமாக, தட்டைத் தட்டையாக மெல்லிய கற்கள். "இது அதுக்கும் நூறு வருஷம் முன்னாடி. சுண்ணாம்பு வச்சுக் கட்டுனது." எல்லாவற்றுக்கும் வெளியே, சுவரோடு சேர்ந்த ஒரு வளைவு. "மொதல்ல இங்க வாசலே இருந்திருக்கு, ஆளு நிமிந்து போற மாதிரி. யாரோ அடைச்சிருக்காங்க. அப்புறம் வந்தவங்க அதுல பெரிய ஜன்னலா ஒண்ணு ஒடைச்சிருக்காங்க. அதையும் அடைச்சாச்சு. மறுபடி ஒடைச்சதுதான் இந்தச் சின்ன ஜன்னல்."

"அப்ப இது மூணாவது சண்டை," என்றாள் சின்னவள்.

"ஆமா. ஒவ்வொரு சண்டைக்கும் வழி குறுகிக்கிட்டே வருது."

அந்தப் பக்கம் பாத்திரச் சத்தம் நின்றிருந்தது.

"செஞ்ச வேலையையும் ஒழுங்கா செய்யல பாருங்க." கொத்தனார் முத்திரைக் கல் ஒன்றை இழுத்தார். பல் விழுவது போலக் கையோடு வந்தது. "இதுக்குக் கலவையே வைக்கல. சும்மா சொருகி வச்சிருக்கான்." பழைய தட்டைக் கற்களிலும் ஒன்று அப்படியே வந்தது. "நூறு வருஷ இடைவெளியில ரெண்டு சோம்பேறி! நம்ம தொழிலுக்கே கெட்ட பேரு."

சின்னவள் இரண்டையும் வாங்கிப் பார்த்தாள். மற்ற விளிம்பெல்லாம் சொரசொரப்பு. அடுப்படியைப் பார்த்த விளிம்பு மட்டும் வழவழவென்று தேய்ந்து, கரி ஏறிக் கிடந்தது. விரல் பட்டுப் பட்டுத் தேய்ந்த தேய்மானம். சோம்பேறித்தனத்தில் கல் தேயாது.

அவளுக்கு யாரையும் முகமாக நினைத்துப் பார்க்க வராது. குரலாகத்தான் வரும். தட்டைக் கல்லைக் கையில் வைத்திருந்தபோது, என்றோ அதை உருவிவிட்டுப் பேசிய இரண்டு பெண்களின் குரல்கள் தணிந்து வந்தன.

"உள்ள இருக்கியா?"

"எங்க போவேன்? உங்க வீட்டுக்காரர் தூங்கியாச்சா?"

"குறட்டை செவுத்தத் தாண்டி வரலியா?"

முத்திரைக் கல்லில் வேறு இருவர்.

"ஊசி இருக்கா?"

"நூலும் வேணுமா?"

"நூல் இருந்தா ஊசி மட்டும் போதும்பேன். ரெண்டும் இல்லாமத்தான கூப்புடுறேன்."

"யாராச்சும் பாத்தா?"

"செவுத்தோட பேசுறேன்னு சொல்லு. இந்த வீட்டு ஆம்பளைங்களோட பேசுறதுக்குச் செவுரு எவ்வளவோ மேல்."

கொத்தனார் ஓட்டைக்குள் எட்டிப் பார்த்தார். "ரெண்டு கல் கனத்துச் செவுரும்மா இது. இந்தப் பக்கம் ஒண்ண மட்டும் உருவினா ஒண்ணும் தெரியாதே. எதிர்ல இருக்கறதும் ஆடணும்." ஜன்னல் வழியாகக் கையை நீட்டி அந்தப் பக்கத்துப் பூச்சையும் கொஞ்சம் கொத்திவிட்டுத் தடவினார். "அட! ஆடுதும்மா. நேர் எதிர்ல இருக்கறதும் ஆடுது!"

பெரியவளுக்கும் அது கேட்டிருக்கும். அங்கிருந்து குரல் வந்தது. "ஆடுற கல்லையெல்லாம் எடுத்துட்டுக் கெட்டியா வைங்க, கொத்தனாரே. ஓட்ட ஒடசல் இருக்கக்கூடாது."

சின்னவள் கல்லைக் கீழே வைத்துவிட்டுப் போய் அடுப்பைத் துடைத்தாள். துடைத்த அடுப்பையே திரும்பவும் துடைத்தாள்.

மதியத்துக்குள் இந்தப் பக்கம் ஏறக்குறைய முடிந்தது. கடைசி வரிசையில் ஒரு கல்லுக்கு இடம் பாக்கி. அவள் கிட்டே வந்தாள்.

"அதுக்குக் கலவை வேண்டாம்."

"என்னம்மா சொல்றீங்க? காலையில அந்த ரெண்டு பேரையும் திட்டுனேன். நானே அப்படிச் செஞ்சா?"

"நீங்க செய்ய வேண்டாம். கல்ல எங்கிட்டக் குடுங்க, நான் சொருகிக்கறேன். இந்தப் பக்கம் பூச்சும் வேண்டாம். அடுப்படிக்கு என்ன அழகு?"

கொத்தனார் அவளைப் பார்த்தார், தேய்ந்த கற்களைப் பார்த்தார். பூச்சுக் கரண்டியைத் தட்டிக்கொண்டு அந்தப் பக்கம் போனார். அங்கே பெரியவள் என்னவோ சொன்னாள். வார்த்தை பிடிபடவில்லை. கரண்டி சுரண்டும் சத்தம் மட்டும் சாயங்காலம் வரை கேட்டது.

மறுநாள் காலை கணவன் கடைக்குக் கிளம்பிய பிறகு சின்னவள் தன் கல்லை உருவினாள். புதுக் கல், சொரசொரவென்று விரலைக் கீறியது. உள்ளே இருட்டு. இருட்டின் முடிவில் எதிர்க் கல்லின் முதுகு. அதைச் சுற்றிக் கலவை இருக்கிறதா இல்லையா, தெரியவில்லை. தள்ளிப் பார்க்கலாம். தள்ளி, அசையாவிட்டால்?

"அக்கா," என்றாள்.

கல் கல்லாகவே இருந்தது.

அது வசதியாகவும் இருந்தது. முகம் இல்லை, கண் இல்லை. "அன்னிக்கு நான் சொன்னது தப்பு. சொல்லும்போதே தெரியும். வாய நிறுத்த முடியல."

எங்கோ குழாயில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் கல்லை மறுபடி சொருகக் கையில் எடுத்தபோது உள்ளே கரகரவென்று ஒரு சத்தம். எதிர்க் கல் மெதுவாகப் பின்வாங்கிற்று. வெளிச்சம் வந்தது. வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு ஒரு கன்னமும் பாதிக் கண்ணும் வந்தன.

"என் நிழல் உன் பக்கம் விழுதா? பாத்துச் சொல்லு."

சின்னவள் குனிந்து தரையைப் பார்த்தாள்.

"ஒரு கல்லு அளவுக்கு விழுது, அக்கா."

"அப்ப அதை மிதிக்காம நில்லு. தீப்பெட்டி இருக்கா?"