டிவியின் இரண்டாவது துளை

திரையில் மறுபடியும் வெள்ளைப் பொட்டுகள்தான். துபாய் வேலையை விட்டுவிட்டு வந்திருந்த ஜெகபர் அலி, கலர் டிவியின் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அதன் பக்கவாட்டிலிருந்த சின்னச் சக்கரத்தை விரல்நுனியால் உருட்டிக்கொண்டிருந்தான். மடியில் கம்ப்யூட்டர். பார்த்தால் யாரும் அதைக் கம்ப்யூட்டர் என்று சொல்லமாட்டார்கள். டைப்ரைட்டரின் தலையை வெட்டிவிட்டு அடிப்பாகத்தை மட்டும் எடுத்துவந்த மாதிரி, ரப்பர் பொத்தான்களோடு தட்டையாக இருந்தது. டிவியில் மாட்டினால் எழுத்து வரும், படம் வரும், கணக்குப் போடும் என்று பழவேற்காடு முழுக்கச் சொல்லிவைத்திருந்தான். வந்ததென்னவோ இரைச்சல்.

கதவோரம் நின்ற அவன் மனைவி பரீதாவுக்கு வயிறு குளிர்ந்தது. அதை மறைக்க வேண்டும் என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை.

அந்த முன்னறை அவளுடையது. அவன் துபாயில் இருந்த காலமெல்லாம் தெருவைப் பார்த்த ஜன்னலோரம் தையல் மிஷினைப் போட்டு, பக்கத்து ஊர் தோணிரேவு வரைக்கும் ஜாக்கெட் தைத்துக் கொடுத்தவள். அவன் வந்த மறுநாளே, கம்ப்யூட்டர் கிளாஸ் நடத்தப் போவதாகச் சொல்லி மிஷினைப் பின்வாசலுக்கு இழுத்துப் போட்டான். அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. பின்வாசலில் ஏரிக்காற்று நேராக வந்து அறையும். உப்புக்காற்றில் எந்த இரும்பு தாங்கும்? மிஷினின் சக்கரம் இப்போதே முனக ஆரம்பித்திருந்தது. கிளாஸ் நடந்தால் மிஷினுக்குப் பின்வாசல்தான் கதி, அவளுக்கும் அடுப்படிதான் கதி. தையலை அவன் ஒரு பிழைப்பாகவே மதிக்கவில்லை.

முதலில் வோல்டேஜ் போதவில்லை என்றான். ஸ்டெபிலைசர் வந்தது. பொட்டுகள் போகவில்லை. ஒயர் சரியில்லை என்று பொன்னேரிக்குப் போய் வேறு ஒயர் வாங்கி வந்தான். அப்போதும் போகவில்லை. டிவியின் பொத்தானை மாற்றினால் மெட்ராஸ் நிகழ்ச்சி மட்டும் பளிச்சென்று வந்து அவன் மானத்தை வாங்கியது. ஆக, டிவியில் பழுதில்லை. கம்ப்யூட்டரிலும் பழுதில்லை, துபாய்க் கடையிலேயே போட்டுக் காட்டித்தான் கொடுத்தார்களாம். பாக்கி இருந்தது பெண்டாட்டி ஒருத்திதான்.

"நான் இல்லாதப்ப டிவிய இன்னாடி பண்ண?"

"தொடச்சி வெச்சேன். வேற இன்னா பண்ணுவாங்க?"

"தொடச்சியா, நோண்டுனியா? தையக்காரி கைல குடுத்தா டிவியும் கந்தலாத்தான் போவும்."

"போவட்டும்."

அவன் பல்லைக் கடித்துக்கொண்டு டிவியின் பின்பக்கத்திலிருந்து ஒயரைப் பிடுங்கினான். அதன் முனையில் கறுப்பாக ஏதோ அப்பியிருந்தது. பக்கத்தில் மடித்து வைத்திருந்த துணியை எடுத்து முனையையும் விரலையும் துடைத்தான். பரீதா தைத்து வைத்திருந்த, சூசையம்மாள் மகளின் கல்யாண ஜாக்கெட் அது, ரோஸ் நிறப் பட்டு.

"எங்க தொட்டாலும் உன் மிஷினு எண்ண" என்று சொல்லிவிட்டு ஒயரைத் திரும்பச் செருகினான்.

பரீதா ஜாக்கெட்டை வாங்கி வெளிச்சத்தில் விரித்தாள். மிஷின் எண்ணெய் இவ்வளவு கறுப்பாக இருக்காது. இது போட் என்ஜினுக்குப் போடும் கிரீஸ். அவளைப் பெற்ற அத்தா மோட்டார் போட் ஓட்டியவர். என்ஜினைக் கரையில் ஏற்றி வைத்தால், உப்பு ஏறாமலிருக்க அதன் துளைகளில் கிரீஸில் தோய்த்த பஞ்சை அடைத்துவிடுவார். போன லீவில் இந்த டிவியை அவன் வைத்துவிட்டுப் போனபோது, அதன் பின்பக்கத்தில் ஒரு துளையில் ஆன்டெனா இருந்தது, இன்னொன்று சும்மா வாயைப் பிளந்துகொண்டிருந்தது. அத்தா செய்கிற மாதிரியே அவள்தான் அதை அடைத்தாள். அந்த இரண்டாவது துளைதான் கம்ப்யூட்டருக்கு உரியதாம். ஒயரைச் செருகச் செருக, பஞ்சு உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது.

அவன்மீது அக்கறைப்பட்டுச் செய்த வேலை. சொல்ல வாயெடுத்தவள், கையிலிருந்த ஜாக்கெட்டைப் பார்த்து வாயை மூடிக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் ஜெகபரின் அண்ணன் அப்துல் ஹை வந்து திரையைக் குனிந்து பார்த்தார்.

"ஜெகபரு, தூத்தல் போடுறத பாக்கவா எங்கள கூப்ட்ட? தூத்தல வாசல்ல நின்னாலே பாக்கலாமே."

"நாளிக்கி வந்துடும்ணே."

"நாளிக்கி ஜும்ஆ தொழுக முடிஞ்சி புள்ளைங்கள படிக்க அனுப்புறவங்கள இட்டாரேன். படம் வந்தா கிளாஸு. வரலன்னா இத்த மூட்ட கட்டிட்டு என் கடைக்கி வந்து உக்காரு. அந்த மிஷின இருந்த எடத்துல போடு."

மறுநாள் மதியம் அத்தர் பூசிக்கொண்டு பள்ளிவாசலுக்குக் கிளம்பியவன், வாசலில் திரும்பி நின்று, "டிவி கிட்ட போன, கால ஒடச்சிடுவேன்" என்றான்.

அவன் தெருமுனை தாண்டியதும் போனாள். கொண்டை ஊசியால் பஞ்சை வெளியே இழுத்தாள். துளையைத் துணியால் துடைத்து, ஒயரைச் செருகி, சுவிட்சைப் போட்டாள். இரைச்சல் சட்டென்று நின்றது. திரை முழுக்க வெள்ளை, கீழே ஒரே வரியில் கறுப்பு எழுத்துகள், ஊசியால் தைத்த மாதிரி அவ்வளவு நேர்த்தி. அழகாகத்தான் இருந்தது. அதுதான் அவளுக்கு ஆத்திரமாக வந்தது. வரப்போகிற அத்தனை பேர் எதிரில் அவன் முகம் தொங்கிப்போவதை நினைத்தபோது கொஞ்சம் இரக்கமும் வந்தது. எழுந்து நின்றாள். பின்வாசல் வழியாகக் கொடியில் அந்த ஜாக்கெட் தெரிந்தது. சோப்புப் போட்டு எவ்வளவு கசக்கியும் கறை போகவில்லை. சூசையம்மாளுக்கு என்ன பதில் சொல்வது?

தெருவில் பேச்சுச் சத்தம் கேட்டது. எல்லாருக்கும் மேலாக ஜெகபரின் குரல், துபாயில் கட்டிடங்கள் எவ்வளவு உயரம் என்று சொல்லிக்கொண்டே வந்தது.

ஒயரைப் பிடுங்கினாள். பஞ்சை உருட்டித் துளைக்குள் ஊசியால் ஆழமாக அழுத்தி, அதன்மேல் ஒயரைச் செருகினாள். பொட்டுகள் வந்தன. சுவிட்சை அணைத்துவிட்டுப் பின்வாசலுக்குப் போனாள். விரலில் மிச்சமிருந்த கிரீஸை வழித்து மிஷின் சக்கரத்தின் அச்சில் தடவி, ஒரு சுற்று சுற்றிவிட்டாள்.

"பரீதா! டீ போடு, எல்லாரும் வந்துட்டாங்க" என்று முன்னறையிலிருந்து கத்தினான் ஜெகபர்.

முனகாமல், அவள் கை எடுத்த பிறகும், சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது.