ஜெபத்தில் வந்த பெயர்

“ஏனுங்க, அந்த டாக்டரம்மா கண்ணை மூடி உங்க பேரைச் சொல்லி ஓதறாங்களாமா? உங்களைக் கிறிஸ்துவ வேதத்துல சேக்கறதுக்குத்தான்!” என்று முன்பொரு நாள் பாவாயி சொன்னாள்.

“போடி! அவங்களே மோட்டார் ஓட்டப் பழகிட்டா எனக்கு வேலை போயிரும். அதுக்கு வேண்டிக்கறாங்களா இருக்கும்” என்றான் அவள் கணவன் சின்னுசாமி.

அன்றிலிருந்து அவனுக்கு நிம்மதியில்லை. மிஷன் ஆஸ்பத்திரிக்குக் கப்பலேறி வந்த ஹெலன் டாக்டரம்மா, டிரைவரான அவனிடம் மோட்டார் ஓட்டப் பழகி ஒரு மாதமாகிறது. கொஞ்சம் தமிழ் தெரிந்தும், வண்டியைக் கிளப்புமுன் தம் பாஷையில்தான் ஜெபிப்பார். நடுவே ‘சின்னுசாமி’ மட்டும் தெளிவாகக் கேட்கும். என்னவென்று கேட்க அவனுக்கு நாக்கு நுனிவரை வரும், கேட்டதில்லை.

இன்று எருமப்பட்டி சாலையில் ஒரு கரும்பு வண்டி குறுக்கே திரும்பிவிட்டது. டாக்டரம்மா பதறிப்போய், ஸ்டீரிங்கை விட்டுவிட்டு ஜெபிக்கக் கைகளைக் கோத்துக்கொண்டார்.

“சாமி அப்புறமுங்க! பிரேக்கை மிதிங்க!” என்று கத்தியபடி அவன் ஸ்டீரிங்கைப் பிடித்தான். அவர் மிதித்தார். மாட்டின் கொம்புக்கு ஒரு முழம் முன்னால் மோட்டார் நின்றது.

டாக்டரம்மா மறுபடி கண்ணை மூடினார். மறுபடியும் அவன் பெயர் வந்தது.

அதற்குமேல் அவனால் பொறுக்க முடியவில்லை.

“அம்மா, என்ர பேரு வர்ற அந்த ஜெபத்தை ஒருக்காத் தமிழ்ல சொல்லுங்க.”

“கர்த்தாவே, நான் ஓட்டும் வண்டியில் உட்காரும் சின்னுசாமியைப் பத்திரமாக வீடு சேரும்” என்றார் டாக்டரம்மா.